கணித மேதை சீனிவாச இராமாநுஜன்

எம் கடற்கரையிற் பிறந்து வளர்ந்தவர்க்குக் கரைவலை இழுக்கும் காட்சி புதிதன்று. உடப்பிலும் சிலாபத்திலும் கற்பிட்டியிலும் வலையின் மடி கரையேறியதும் மீன் குவிக்கப்படும், விலை தீரும், பின்னர் பங்கு பிரிக்கப்படும். மிச்சமின்றிப் பிரியுந் தொகையாயின் சச்சரவில்லை. மிச்சம் விழுமாயின் அஃது யாருக்குரியது என்ற பேச்சு எழும். தென்னந்தோட்டத்திலே தேங்காய் எண்ணுவோரும் இதனை நன்கறிவர். நூறு தேங்காயை மூவர்க்கோ அறுவர்க்கோ பன்னிருவர்க்கோ சமமாகப் பங்கிட இயலாது. அறுபது தேங்காயையோ இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், பதின்மர், பன்னிருவர், பதினைவர் என எத்தனையோ வகையிற் பங்கிடலாம். நூறு பெரிது, அறுபது சிறிது. ஆயினும் பங்கிடும் வகையில் அறுபதே வளமுடையது. நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்ததும் இவ்வளத்தை நோக்கியே போலும்.

ஓர் எண்ணுக்கு இவ்வளம் எங்கிருந்து வருகின்றது? அறுபதைப்போல் வளமுடைய எண்கள் இன்னும் எவை? அவற்றுக்கு ஒரு விதி உண்டோ? இவ்வினாக்களைப் பற்றிக்கொண்டு இலட்சங் கோடிகளையுங் கடந்து சென்றார் ஒருவர். அவர் கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மைந்தர். கல்லூரிப் பரீட்சையிலே மீண்டும் மீண்டும் தவறியவர். முப்பத்திரண்டு வயதில் மறைந்தவர். சீனிவாச இராமாநுஜன் என்னும் அப்பெருமகனின் சரிதத்தை இம்மலருக்கு எழுத யாம் துணிந்தமைக்குத் தனியே ஒரு காரணமும் உண்டு. அதனை ஈற்றிற் கூறுவோம்.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிலே தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், தாயார் கோமளத்தம்மாள். குடும்பம் வாழ்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்தம் குலதெய்வம். ஆரம்பப் பரீட்சையில் 1897இல் மாவட்டத்திலே முதல்வராகச் சித்தியெய்தி, அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தார். பதின்மூன்று வயதளவில், மேல்வகுப்பு மாணவர்க்குரிய திரிகோண கணித நூலொன்றைத் துணையின்றிக் கற்றுத் தேர்ந்தார்.

அவர்தம் வாழ்வைத் திருப்பிய நூல் 1903இற் கைக்கு வந்தது. அது கார் என்னும் ஆங்கிலேயர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோர் பொருட்டுத் தொகுத்த கணிதச் சுருக்கம். ஐயாயிரமளவான தேற்றங்கள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன; நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. மற்றொரு மாணவருக்கு அது வெறும் பட்டியலாய்த் தோன்றியிருக்கும். இராமாநுஜனோ ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்க்கப் புகுந்தார். நிறுவிய வழியிலே நூலில் இல்லாத புதிய தேற்றங்களையுங் கண்டார். முடிவை மட்டும் எழுதி வழியை எழுதாது விடும் பழக்கம் அந்நூலினாலேயே அவருக்கு வந்தது என்பர் அறிஞர்.

பாடசாலையிற் கணிதப் பரிசு பெற்று 1904இல் வெளியேறியவர், உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புகுந்தார். அங்குதான் துன்பம் தொடங்கிற்று. கணிதம் அவரை முற்றாக ஆட்கொண்டுவிட்டது. ஆங்கிலத்தையும் ஏனைய பாடங்களையும் அவர் தொடவேயில்லை. உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. மனமுடைந்து 1905இல் வீட்டாரிடஞ் சொல்லாமலே விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து மீண்டும் முயன்றார். கணிதத்திலே சிறந்த புள்ளிகள். உடற்றொழிலியல் முதலிய பாடங்களிலே தோல்வி. எப்.ஏ. பரீட்சையில் 1906இலுந் தவறி, 1907இலுந் தவறினார். அத்துடன் கல்லூரி வாழ்வு முடிந்தது.

அக்காலத்தவர் கண்ணில் இராமாநுஜன் படிப்பில் தோற்ற இளைஞர். உத்தியோகம் இல்லை. கடுதாசி வாங்கப் போதிய பணம் இல்லாமையாற் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டுங் குறிப்பேட்டிற் பதித்து வந்தார். 1909இல் ஜானகி அம்மாளை மணந்தபின் வேலை தேட வேண்டியவரானார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடக்கிய இராமசுவாமி ஐயரும், நெல்லூரிற் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவும் அவர்தம் குறிப்பேடுகளைக் கண்டு உதவ முன்வந்தனர். பேர்ணூலி எண்கள் பற்றிய அவர்தம் முதற் கட்டுரை 1911இல் அச்சேறியது. 1912 மார்ச்சு மாதத்திற் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபா சம்பளத்தில் இலிகிதரானார். அங்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவராயிருந்தது இவர்தம் நற்பேறு.

மேனாட்டுக் கணித வல்லுநர் இருவர்க்கு முன்னரே எழுதிப் பயன் கிட்டாத நிலையில், 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரி அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் விடுத்தார். நிறுவலற்ற தேற்றங்கள் பக்கம் பக்கமாய் அதில் இருந்தன. ஹார்டியும் அவர்தம் நண்பர் லிற்றில்வூட்டும் ஓர் இரவு அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதற்றரமான கணித மேதை என்ற முடிவுக்கு வந்தனர். அக்கடிதத்திற் கூறியன யாவும் சரியென்று சொல்வதற்கில்லை. ஓர் எல்லைக்குட்பட்ட முதன்மை எண்கள் எத்தனை என்று கூறும் சூத்திரம் தமக்குக் கிட்டிவிட்டதாக இராமாநுஜன் நம்பியிருந்தார். அது பிழையென்று பின்னர்த் தெரிந்தது. மேதையும் தனித்திருந்து கற்கும்போது இடறும் இடம் உண்டு என்பதற்கு இது சான்று. அவருக்கு ஆசானுந் தோழரும் வேண்டியிருந்தமைக்கும் இதுவே சான்று.

சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா ஆராய்ச்சிப் பரிசில் வழங்கிற்று. கடல் கடத்தல் ஆசாரத்துக்கு ஒவ்வாதென்ற தடை தாயாரின் சம்மதத்தால் நீங்கிற்று. 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னுங் கப்பலிற் சென்னையை விட்டு நீங்கி, ஏப்பிரலில் இலண்டனை அடைந்தார்.

இனி, தொடக்கத்திற் கூறிய பங்குக் கணக்குக்கு வருவோம். ஒன்றையும் தன்னையும் அன்றி வேறெதனாலும் மிச்சமின்றி வகுபடாத 2, 3, 5, 7, 11 போன்றவை முதன்மை எண்கள். ஒன்றிற் பெரிய ஏனைய எண்கள் யாவும் இவற்றைப் பெருக்கியே ஆனவை. ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு வகையில் மட்டுமே இவ்வாறு பிரியும். அறுபது என்பது 2×2×3×5. நூறு என்பது 2×2×5×5. முன்னதில் மூன்று வகை முதன்மைக் காரணிகள்; பின்னதில் இரண்டே வகை. அதனால் அறுபதை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் பன்னிரண்டு. நூற்றை வகுப்பன ஒன்பது.

தன்னிற் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அத்துணை வகுத்திகளை உடைய எண்ணை இராமாநுஜன் தனி இனமாகக் கொண்டார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என அவ்வரிசை செல்லும். இவற்றை மிகு சேர்த்தி எண்கள் எனலாம். இவ்வெண்களின் உள்ளமைப்புக்கு ஒரு சட்டம் உண்டென்று அவர் காட்டினார். இவற்றின் முதன்மைக் காரணிகள் இரண்டிலிருந்து இடைவெளியின்றி வரிசையாய் வரும். சிறிய முதன்மை எண்ணின் சுட்டி பெரியதன் சுட்டிக்கு ஒருபோதுங் குறையாது. காரணம் எளிது. 18 என்பது 2×3×3. அதற்கு ஆறு வகுத்திகள். இரண்டின் இடத்தையும் மூன்றின் இடத்தையும் மாற்றினால் 2×2×3 ஆகிய 12 வரும். அதற்கும் ஆறே வகுத்திகள். ஆனால் அது சிறியது. ஆகவே 18 போட்டியில் தோற்கின்றது. வரிசையின் ஈற்றிலே நிற்கும் பெரிய முதன்மை எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 என்னும் இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு. இவ்விலக்கு இரண்டையன்றி வேறில்லை என்று நிறுவுவதுதான் கடினம். அதனையும் அவர் நிறுவினார்.

இக்கட்டுரை 1915இல் இலண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் வந்தது. அதனுடன் 102 மிகு சேர்த்தி எண்களின் அட்டவணையும் வந்தது. அவ்வட்டவணையின் இறுதி எண் 6,746,328,388,800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேற்பட்டது. இதன் காரணிகளைப் பார்ப்போம்: இரண்டு ஆறு முறை, மூன்று நான்கு முறை, ஐந்து இரண்டு முறை, ஏழு இரண்டு முறை, அதன்பின் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒருமுறை. சுட்டிகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 எனப் படிக்கட்டுப்போல் இறங்கிச் செல்வதை மாணவர் கவனிக்க. வகுத்திகளின் தொகையை அறிய ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கல் வேண்டும். 7×5×3×3×2×2×2×2×2 என்பது 10,080. அத்துணை வகையில் அப்பெருந்தொகையை மிச்சமின்றிப் பங்கிடலாம். ஒரு வாரத்துக்குரிய நிமிடங்களும் 10,080 தாம். அந்த 10,080 தானும் இராமாநுஜனின் அட்டவணையில் இடம்பெற்ற மிகு சேர்த்தி எண் என்பது வியப்புக்குரியது.

கணிப்பொறி இல்லாத காலத்திற் கையாற் கணித்த அட்டவணை இது. அதில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போயிற்று எனப் பின்வந்தோர் கண்டனர். அவ்வெண் 293,318,625,600. அதன் வகுத்திகள் 5,040. அதனை 23ஆற் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே வருகின்றது! வழியிற் கிடந்த படியைத் தாண்டி உச்சியில் ஏறிவிட்டவர் போலும் அவர். இக்குறையை ஈண்டுக் கூறுதல் அவர்தம் பெருமையைக் குறைத்தற்கன்று. பெரியோர் வாழ்விற் பிழையே இல்லையென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தல் பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகாது. இக்கட்டுரையின் பொருட்டே 1916இற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சி வழியாற் பட்டம் அளித்தது. எப்.ஏ. தேறாதவர் பட்டதாரியானார்.

மிகு சேர்த்தி எண்கள் அரியவை. அவ்வாறாயிற் சாதாரண எண்ணுக்கு எத்தனை வகை முதன்மைக் காரணிகள் இருக்கும்? இவ்வினாவை 1917இல் இராமாநுஜனும் ஹார்டியும் சேர்ந்து தீர்த்தனர். எண்ணின் மடக்கைக்கு மீண்டும் மடக்கை எடுத்தால் வருவதே ஏறக்குறைய விடை. ஒரு கோடியளவான எண்ணுக்கு மூன்று. ஒன்றின்பின் எண்பது பூச்சியம் இட்ட பேரெண்ணின் அளவுக்குச் சென்றாலும் ஐந்து அல்லது ஆறு. மேற்கூறிய இறுதி எண்ணளவான ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் மூன்று வகையோ நான்கு வகையோதான் பெரும்பாலும் காணப்படும். இராமாநுஜனின் எண்ணிலோ ஒன்பது வகை உள்ளன. எண்கள் எத்துணை பெருத்தாலும் அவற்றின் காரணி வகைகள் மிக மெல்லவே பெருகும் என்ற இவ்வுண்மை பிற்காலத்தில் நிகழ்தகவு வழி எண்ணாய்வு என்னும் பெருந்துறைக்கு வித்தாயிற்று.

ஓர் எண்ணைக் கண்டதும் அதன் இயல்பை உணர்தல் அவருக்கு மூச்சு விடுதல் போன்றது. நோயுற்றுப் பட்னி மருத்துவமனையிற் கிடந்த அவரைக் காணவந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றிற்றென்றும் கூறினார். இராமாநுஜன் அதனை உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டாக இருவேறு வகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் கூடினால் 1729. பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் கூடினாலும் 1729. அவ்வெண்ணுக்கு வேறொரு குணமும் உண்டு. அது 7×13×19 எனப் பிரியுஞ் சேர்த்தி எண்ணே. எனினும் முதன்மை எண்ணைக் கண்டறியும் பழைய சோதனையொன்றில் முதன்மை எண்போலவே நடிக்கும் எண்களுள் மூன்றாவது அது. பேரெண்களின் முதன்மைக் காரணிகளைக் காண்டல் அரிது என்பதை அரணாகக் கொண்டு 1970களின் பிற்பகுதியிற் புதிய மறையெழுத்து முறை தோன்றியது. அதன்பின் இத்தகைய நடிப்பெண்களை இனங்காணுதல் வெறும் விளையாட்டாக இல்லை.

இங்கிலாந்து வாழ்வு அவர்தம் உடலை வாட்டிற்று. முதலாம் உலகப் போர்க்காலம், மரக்கறி உணவும் பழமும் அருகிய நாடு, தாமே சமைத்துண்ணும் நியமம், குளிர். 1917 முதல் மருத்துவமனைகளிலே காலம் கழிந்தது. எலும்புருக்கி நோய் என்று அக்கால வைத்தியர் கருதினர். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகலாமென்று பிற்கால ஆராய்ச்சி கூறிற்று. அந்நிலையிலேயே 1918இல் றோயல் சங்கத்து உறுப்பினராகவும், அவ்வாண்டு ஒக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியின் பெலோவாகவும் தெரிவு செய்யப்பட்டார். 1919 மார்ச்சு மாதம் தாயகம் மீண்டார். நோய்ப்படுக்கையிற் கிடந்தும் 1920 ஜனவரியிற் போலித் தீற்றாச் சார்புகள் என்னும் முற்றிலும் புதிய பொருளைப்பற்றி ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர்நீத்தார். இறுதிக் காலக் கணக்குகள் அடங்கிய தாள்கள் 1976இல் திரினிற்றிக் கல்லூரி நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டன. ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார். இராமாநுஜன் பிறந்த டிசம்பர் 22 இன்று இந்தியாவிலே தேசிய கணித தினம்.

யாம் ஈற்றிற் கூறுவதாகச் சொன்ன காரணம் இதுவே. தாயகம் மீளுமுன், 1919 ஜனவரியில், சென்னைச் சர்வகலாசாலை தமக்கு ஆண்டுக்கு 250 பவுண் வழங்க முடிவு செய்ததை அறிந்த இராமாநுஜன் அதன் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அத்தொகை தமக்கு வேண்டுவதினும் மிகுதி என்றார். பெற்றோர்க்கு ஒரு பங்கு போக, தம் செலவுக்கு மேல் எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பாடசாலைச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பாடசாலைகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். நோய் முற்றிய நிலையில், முப்பத்தொரு வயதில் எழுதிய கடிதம் அது. மிச்சமின்றிப் பங்கிடும் எண்களைத் தேடிய மனிதர், தம் வாழ்விலே மிச்சப்பட்டதை யாருக்குரியது என்று நன்கறிந்திருந்தார்.

யாம் இக்கல்லூரியிற் கற்று, பின்னர் ஆசிரியத் தொழில் பூண்டவர். பல்லாண்டுகளுக்கு முன், எம் வகுப்பிலே கடற்றொழிலாளர் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். பஸ் சீட்டின் இலக்கத்தைக் கண்டவுடன் அதன் காரணிகளை ஒப்புவிப்பான். ஏனைய பாடங்களிற் புள்ளி இல்லை; வலை இழுக்கும் நாட்களில் வகுப்புக்கும் வருவதில்லை. படிப்பு அவனுக்கு ஒவ்வாதென்று அவன் தந்தையாரிடஞ் சொல்லியவர் யாமே. அவன் கடலுக்குச் சென்றான். இன்று அவன் ஒரு சம்மாட்டி. அவன் பிரிக்கும் பங்கிற் பிழை இருப்பதில்லை என்று கரையில் உள்ளோர் சொல்வர். அவன் இராமாநுஜனாகியிருப்பான் என்று யாம் கூறவில்லை. ஆயினும் அவனுக்கு ஒரு நாராயண ஐயராய் இருந்திருக்க வேண்டிய யாம் அவ்வாறு இருக்கவில்லை என்பது எம் நெஞ்சிற் குத்துகின்றது.

யூபிலியை ஒட்டிப் பழைய மாணவர் திரட்டிய நிதியை எவ்வாறு செலவிடுவது என்று ஆலோசனை நடைபெறுகின்றது. அலங்கார வாயில் வேண்டுமென்போர் உளர். மணிக்கூண்டு வேண்டுமென்போரும் உளர். அவர்தம் அன்பை யாம் குறைகூறோம். நம் நாட்டிற் கல்வி இலவசமே. எனினும் புத்தகமும் பஸ் கட்டணமும், கடலுக்குப் போகாத நாளில் வீட்டில் எரியவேண்டிய அடுப்பும் இலவசமல்ல. ஒரு பாடத்திலே சுடர்விட்டு மறுபாடத்திலே தவறும் பிள்ளைக்கு மறுமுறை பரீட்சைக்கு இருக்க ஓராண்டுத் துணையும், நூலகத்திலே சில நல்ல கணித நூல்களும் கிடைக்குமாறு அந்நிதியில் ஒரு பங்கையேனும் ஒதுக்குதல் வேண்டும் என்று விண்ணப்பிக்கின்றோம். இராமாநுஜனின் கைக்கு வந்தது ஒரு பரீட்சைச் சுருக்க நூல் மட்டுமே. அதனை அவர் கையிற் கொடுத்தவர் செய்த உபகாரத்தின் அளவை எந்த அட்டவணையாலும் கணித்தல் இயலாது.